மருந்து ஊற்றுவதற்கு முன் கழுவுங்கள்: வாட்டர் கூலிங் கேள்வி பதில்

உள்ளே தண்ணீரைச் சுற்றவிட்டுச் சூட்டை இறக்கும் வாட்டர் கூலிங் கணினிகளில் பிடிக்கும் பாசி, வழவழப்பு பற்றிக் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், "எந்த மருந்தை ஊற்றினால் சரியாகும்?" என்பதுதான். அதிலிருந்தே தொடங்குகிறேன். புதியவர்களுக்கு ஒரு வரி: லூப் என்றால் தண்ணீர் சுற்றும் பாதை, ரிசர்வாயர் அதன் தொட்டி, பிளாக் சிபியு மேல் உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் பாகம், ரேடியேட்டர் அந்தச் சூட்டை வெளியே விடுவது, கூலண்ட் லூப்பில் ஓடும் திரவம்.

அக்கா, என் லூப் ஒரு வருஷமாக ஓடுகிறது. ரிசர்வாயர் ஓரத்தில் பச்சையாக ஏதோ படிந்திருக்கிறது. கேம் ஆடும்போது முன்பு 70 டிகிரியில் நின்ற சிபியு இப்போது 88 வரை போகிறது. கிருமிக்கொல்லி நாலு சொட்டு விட்டால் போதுமா?

போதாது தம்பி. ரிசர்வாயரில் தெரிவது கொஞ்சம்தான். மீதி எல்லாம் சிபியு பிளாக்குக்குள் உட்கார்ந்திருக்கும். அதற்குள் இருக்கும் செம்புத் தகடுகளுக்கு இடையே அரை மில்லிமீட்டர் இடைவெளிகூட இருக்காது. லூப்பில் எது மிதந்தாலும் கடைசியில் அங்கேதான் சிக்கும், வடிகட்டியில் டீத்தூள் நிற்பது மாதிரி.

இன்னொன்று, பாக்டீரியா பெரும்பாலும் தனியாக மிதப்பதில்லை. கூழ் போன்ற ஒரு படலத்தைச் சுரந்து அதற்குள் கூட்டமாக ஒளிந்துகொள்ளும். மருந்து மேலடுக்கைத்தான் தொடும், உள்ளே இருப்பது பிழைத்துக்கொள்ளும். எல்லாமே செத்துவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும், செத்த கூழ் கரைந்து போகாது. தகடுகளை அடைத்துக்கொண்டு அங்கேயேதான் இருக்கும், வெப்பமும் இறங்காது. கிருமிக்கொல்லி சுத்தமான லூப்பைக் காக்கிற பொருள். அழுக்கை எடுக்கிற பொருள் அல்ல.

படிந்திருப்பது பாசிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நல்ல கேள்வி. இதைக் கேட்காமலே மருந்து வாங்குகிறவர்கள்தான் அதிகம். பிளாக்கைத் திறந்து கொஞ்சம் விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள், கையுறை போட்டுக்கொண்டு. ஊறிப்போன வெண்டைக்காய் மாதிரி வழுக்கி, குளத்து வாடையும் அடித்தால் அது உயிருள்ளது. மெழுகு மாதிரி வெள்ளையாக, பிசுபிசுவென்று ஒட்டினால் அது பிளாஸ்டிசைசர். ஒளி ஊடுருவும் மென் டியூபை வளையச் செய்வதற்காகச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் அது, சூட்டில் கசிந்து வந்துவிடும். டியூப் உட்புறம் பால் பூத்த மாதிரி மங்கியிருந்தால் இதுதான் காரணம். எந்தக் கிருமிக்கொல்லியும் இதை ஒன்றும் செய்யாது, டியூபைத்தான் மாற்ற வேண்டும். கறுப்பு இபிடிஎம் ரப்பர் டியூபில் இந்தத் தொல்லை கிடையாது. வெளிச்சமும் உள்ளே போகாது என்பதால் பாசிக்கும் வழியில்லை.

நீலப்பச்சையாக, நறநறவென்று இருந்தால் செம்பு அரித்திருக்கிறது என்று அர்த்தம். லூப்பில் எங்காவது அலுமினியம் கலந்திருக்கிறதா என்று உடனே பாருங்கள். அலுமினியமும் செம்பும் ஒரே தண்ணீரில் சேர்ந்தால் அலுமினியம் அரிபடுவது நிச்சயம்.

எந்த வரிசையில் சுத்தம் செய்வது?

எல்லாவற்றையும் அணைத்து, தண்ணீரை வடித்துவிட்டு, முழுவதையும் கழற்றுங்கள். மென் டியூபைக் கழுவ மெனக்கெட வேண்டாம், புதிது போடுங்கள். ரேடியேட்டரில் பாதி அளவுக்குச் சூடான ஆர்ஓ தண்ணீர் ஊற்றி, இரண்டு வாயையும் மூடி, கை வலிக்கும்வரை குலுக்குங்கள். வெள்ளை வாளியில் கொட்டிப் பாருங்கள். நான் பிரித்த ஒரு ரேடியேட்டரில் ஆறாவது முறை வரைக்கும் பழுப்புத் துணுக்குகள் வந்தன, எட்டாவது முறைதான் தண்ணீர் தெளிந்தது. அது வரை விடாதீர்கள். கடைசி இரண்டு அலசல் டிஸ்டில்டு வாட்டரில். புது ரேடியேட்டருக்கும் இதேதான், உள்ளே ஈயம் வைத்தபோது தங்கிய ஃப்ளக்ஸ் (ஈயம் பிடிக்கத் தடவும் பசை) இருக்கும். மேஹெம்ஸ் பிளிட்ஸ் மாதிரி, இரண்டு பாகமாக வரும் லூப் கழுவும் மருந்து வாங்கினால், அதன் முதல் பாகம் அமிலம். அது கழற்றிய ரேடியேட்டருக்கு மட்டும்தான். பிளாக்கிலோ பம்பிலோ விட்டுவிடாதீர்கள்.

பிளாக்கைத் திறப்பதற்கு முன் போட்டோ எடுங்கள். உள்ளே ஒரு மெல்லிய ஜெட் தகடு இருக்கும், அதைத் திருப்பிப் போட்டுவிட்டால் தண்ணீர் ஓட்டமே மாறிவிடும். கசிவைத் தடுக்கும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) எத்தனை என்று எண்ணி வையுங்கள். மிருதுவான பல் பிரஷ்ஷால் தகடுகள் ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும், குறுக்கே வேண்டாம். பற்பசை போடாதீர்கள், நிக்கல் பூச்சைச் சுரண்டிவிடும். அக்ரிலிக் பாகங்களில் ஆல்கஹால் படவே கூடாது, மயிரிழை விரிசல் விடும்.

பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு போடலாம். ஆனால் அலசுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். பென்சால்கோனியம் குளோரைடு உள்ள கிருமிக்கொல்லிக்கும் சோப்புக்கும் ஆகாது. மிச்ச சோப்பு அந்த மருந்தை முடக்கிவிடும்.

செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்ப்பது போல பிளாக்கையும் தேய்க்கலாமா?

புளியிலிருக்கும் அமிலம் செம்பின் கறையை எடுக்கும், அது உண்மை. ஆனால் புளி நார் அந்தத் தகடுகளுக்குள் போனால் எடுக்கவே முடியாது. பூச்சு இல்லாத வெறும் செம்பு என்றால், தண்ணீர் கலந்த வினிகரில் சில நிமிடம் வைத்து எடுத்து நன்றாக அலசுங்கள். வெள்ளி நிறத்தில் மின்னினால் அது நிக்கல் பூச்சு, வினிகரும் வேண்டாம், புளியும் வேண்டாம்.

பிளீச்சிங்?

வேண்டவே வேண்டாம். செம்பையும் நிக்கலையும் அரித்துவிடும்.

செம்புப் பாத்திரத்துத் தண்ணீரில் கிருமி சாகும் என்கிறார்கள். பிளாக்கும் ரேடியேட்டரும் செம்புதானே, பிறகு எப்படிப் பாசி வருகிறது?

செம்பிலிருந்து கரையும் அயனிகள்தான் கிருமியைக் கொல்கின்றன. பிளாக்கில் நிக்கல் பூச்சு இருந்தால் அதன் செம்பு தண்ணீரையே தொடாது. கூலண்டில் இருக்கும் அரிப்புத் தடுப்பானின் வேலையே செம்பைக் கரையவிடாமல் பார்த்துக்கொள்வதுதான். அப்புறம், டியூபும் ரிசர்வாயரும் பிளாஸ்டிக். படலம் அங்கே கூடுகட்டிக்கொண்டால் அயனி அதை எட்டுவதில்லை. கிருமியைக் கொல்ல வெள்ளிச் சுருள் போடலாமா என்று கேட்டவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: நிக்கல் பூச்சு உள்ள லூப்பில் போடாதீர்கள்.

வீட்டு ஆர்ஓ தண்ணீரே போதாதா? டிஸ்டில்டு வாட்டருக்கு எங்கே போவது?

நிரப்புவதற்கு ஆர்ஓ போதாது. பல வீட்டு எந்திரங்களில் சுவைக்காக உப்பைத் திரும்பக் கலக்கிறார்கள். டிடிஎஸ் மீட்டரை முக்கினால் 50க்கு மேல் காட்டுவது சாதாரணம். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் பெட்ரோல் பங்க்கிலேயே கிடைக்கும், தரம்தான் ஆளுக்கு ஆள் மாறும். மீட்டரில் 0 அல்லது 1 காட்டினால் வாங்குங்கள். ஆனால் மீட்டர் உப்பைத்தான் அளக்கும், கிருமியை அல்ல. கேனைத் திறந்து மாதக்கணக்கில் வைத்திருந்த தண்ணீர் 0 காட்டினாலும் எடுக்காதீர்கள்.

கார் கூலண்ட் கொஞ்சம் கலந்தால் பாசி வராது என்கிறார் ஒரு நண்பர்.

அந்தக் "கொஞ்சம்" என்பதில்தான் ஆபத்து. கிளைகால் 20, 25 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் பாக்டீரியா வளராது. இரண்டு மூன்று சதவீதம் என்றால் அதற்கு அது சாப்பாடு. தவிர, கார் கூலண்டில் பெரும்பாலும் எத்திலீன் கிளைகால்தான் இருக்கும். இனிக்கும் விஷம் அது. குழந்தையோ நாயோ பூனையோ இருக்கிற வீட்டில் அதைத் திறந்து வைப்பதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. புரொப்பிலீன் கிளைகால் உள்ள, கணினிக்கென்றே விற்கும் தெளிவான கூலண்டை வாங்குங்கள். அதில் கிருமிக்கொல்லியும் அரிப்புத் தடுப்பானும் அளவோடு கலந்திருக்கும், மேலே எதுவும் ஊற்ற வேண்டாம். வெறும் டிஸ்டில்டு வாட்டர் என்றால் மட்டும் மருந்து தனியாக, லேபிளில் உள்ள அளவுக்கு. கூடுதலாக விட்டால் நுரைதான் வரும்.

என்னுடையது ஏஐஓ. திறக்கலாமா?

ஏஐஓ என்பது பம்ப், பிளாக், ரேடியேட்டர் எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, மூடி முத்திரையிட்டு வருவது. உத்தரவாதம் இருக்கும்போது திறக்காதீர்கள், அடைத்திருந்தால் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

கழுவி நிரப்பிய பிறகு எத்தனை நாளைக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்?

முதலில், மதர்போர்டுக்கு மின்சாரம் போகாமல், ஜம்பர் பிளக் (மதர்போர்டு இல்லாமலே பவர் சப்ளையை ஓடவைப்பது) போட்டுப் பம்ப்பை மட்டும் ஓட்டி, கசிகிறதா என்று பார்க்க அடியில் டிஷ்யூ விரித்து ஒரு இரவு விடுங்கள். ரிசர்வாயரில் தண்ணீர் இல்லாமல் பம்ப்பை ஓட்டாதீர்கள். கணினியை ஜன்னல் வெயிலிலிருந்து தள்ளி வையுங்கள். பாசிக்கு வெளிச்சம் வேண்டும், ஆனால் பாக்டீரியாவுக்கு வேண்டாம், லூப்பின் வெதுவெதுப்பே போதும். அதனால் இருட்டில் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். மாதம் ஒருமுறை டார்ச் அடித்து ரிசர்வாயரின் நீர்மட்டக் கோட்டைப் பாருங்கள், படலம் முதலில் தெரிவது அங்கேதான். தெளிவான கூலண்டை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், பால் போன்ற நிறக் கூலண்டை அதற்கும் முன்பே. மாற்றும்போது வடிக்கிற தண்ணீரைக் கொஞ்சம் கண்ணாடி டம்ளரில் பிடித்து ஒரு நாள் அசையாமல் வையுங்கள். அடியில் ஒன்றும் படியவில்லை, சிபியு வெப்பமும் ஏறவில்லை என்றால் பிளாக்கைத் திறக்காமலே நிரப்பலாம்.