பால் கணக்கு நோட்டு

கேள்வி: பெங்களூரில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். மூளைத் திசுவின் மேல் லேசரைப் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியைப் படித்து, அல்சைமர் நோயில் நரம்பு எப்படிச் சிதைகிறது என்று பார்க்கும் வேலை. நம் சி.வி. ராமன் கண்ட விளைவுதான் அடிப்படை. என் அப்பாவுக்கே அல்சைமர். அம்மா இல்லை. அப்பா கிருஷ்ணகிரியில் அண்ணன் வீட்டில் இருக்கிறார். அவர் காலத்துக்குப் பிறகு மூளையைத் தானம் தரலாம் என்றேன். 'அப்பா தலையில் கத்தி வைக்க விடமாட்டேன்' என்று அண்ணன் சண்டைக்கு வந்துவிட்டார். அப்பா என்ன சாப்பிட்டார், ராத்திரி எத்தனை தடவை எழுந்தார் என்று அண்ணி நாலு வருஷமாகப் பால் கணக்கு நோட்டில் எழுதி வருகிறார். அடுத்த தடவை போகும்போது அதையும் வாங்கி வர வேண்டும், ஆய்வுக்கு உதவும். அதிகம் படிக்காத அண்ணனுக்கு அறிவியலை எப்படிப் புரியவைப்பது?

பதில்: அண்ணனுக்குப் புரியவைப்பது அப்புறம், தம்பி. உங்கள் கடிதத்தின் முழு வடிவம் இரண்டு பக்கம். அதில் லேசருக்கு ஒன்றரைப் பக்கம், அண்ணிக்கு ஒரு வரி. அந்த ஒரு வரியிலும் அவரிடமிருந்து எதையோ எடுத்துவரத்தான் திட்டம் போடுகிறீர்கள். அவர் எப்படி இருக்கிறார், தூங்குகிறாரா, அம்மா வீட்டுக்குப் போய் எத்தனை நாளாயிற்று என்று ஒரு சொல் இல்லை. ராத்திரி அப்பா எத்தனை தடவை எழுந்தார் என்று ஒருவர் எழுதி வைத்திருக்கிறார் என்றால், அத்தனை தடவையும் அவரும் எழுந்திருக்கிறார் என்று அர்த்தம். ஒளிச்சிதறலையே கணக்குப் போடுகிற உங்களுக்கு இந்தக் கணக்கு வரவில்லையா?

இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. சொத்து, வைத்தியச் செலவு, முதியோர் இல்லம் என்று விஷயம் மாறும். பார்த்துக்கொள்கிற பெண்ணின் பெயர் மட்டும் எதிலும் இருக்காது. தானக் கையெழுத்துக்கு அண்ணன் முக்கியம், விளக்கம் சொல்ல நீங்கள் முக்கியம். மலம் துடைக்கிறவரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை.

உங்கள் அறிவியல் வழியிலேயே வருகிறேன். லேசர் பட்டுத் திரும்பும் ஒளியில் ஏறக்குறைய கோடியில் ஒரு ஒளித்துகள்தான் நிறம் மாறி வருகிறது. 1928-ல் கல்கத்தாவில் ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் பிடித்தது அதைத்தான். அந்த மாற்றம் எந்த மூலக்கூறிலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். புரதம் சுருளாக இருந்தால் வரைபடத்தில் 1655 என்ற அலைஎண் (நிறம் எவ்வளவு மாறியது என்பதன் அளவு) அருகே முகடு எழும். அல்சைமர் படிவுகளில் இருப்பதுபோல் தகடுதகடாக அடுக்கியிருந்தால் 1670 பக்கம் நகரும். நரம்பிழையைச் சுற்றியிருக்கும் மயலின் உறையில் பெரும்பகுதி கொழுப்பு. உறை சிதைந்த இடத்தில் கொழுப்பின் முகடு குட்டையாகிவிடும். சாயம் ஏற்றாமலே இவ்வளவும் தெரிகிறது என்பது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை.

ஆனால் அந்த முகடு யாருடையது? அவர் எந்த வருஷம் வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றார், இல்லாத ஆளைப் பார்த்துப் பேசினாரா, நடை எப்போது தடுமாறியது என்று எதுவும் தெரியாமல் அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? வயதானவர்களின் மூளையில் பல நேரம் அல்சைமர் தனியாக இருப்பதில்லை. ரத்தக்குழாய்க் கோளாறும், லூயி உடலங்கள் என்கிற வேறுவகைப் புரதக் கட்டிகளும் கலந்தே கிடக்கும். எது எந்தத் தொல்லையைக் கொடுத்தது என்று பிரித்துப் பார்க்க, உயிரோடு இருந்தபோது எழுதிய குறிப்பு வேண்டும். அந்த வேலையை உங்கள் வீட்டில் செய்துகொண்டிருப்பவர் அண்ணி.

நோய்க்குப் பெயர் கொடுத்த டாக்டரையே பாருங்கள். அலோயிஸ் அல்சைமர் 1901-ல் பிராங்பர்ட் மருத்துவமனையில் அகுஸ்தே என்ற பெண்மணியின் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டார். பெயர் என்ன? அகுஸ்தே. கணவர் பெயர்? அகுஸ்தே என்று நினைக்கிறேன். மதியம் பன்றி இறைச்சியும் காலிஃபிளவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்குக் கீரை என்றார். இத்தனையும் அந்த மனிதர் தாளில் எழுதினார். 1906-ல் அந்த அம்மாள் இறந்த பிறகு மூளை மியூனிக்குக்கு வந்தது. நுண்நோக்கியில் தெரிந்த புரதப் படிவுகளுக்கும் நரம்பணுக்களுக்குள் சிக்கிக் கிடந்த இழைகளுக்கும் அந்தக் குறிப்புகள்தான் அர்த்தம் கொடுத்தன. அல்சைமர் எழுதினால் மருத்துவ வரலாறு, உங்கள் அண்ணி எழுதினால் 'போகும்போது வாங்கி வரவேண்டியது'. அப்படித்தானே?

சரி, அண்ணன் விஷயம். 'படிக்காத' என்ற சொல்லை முதலில் விடுங்கள். அப்பாவின் தலை எப்படி ஆகுமோ என்று ஒரு மகன் பதறுவது அறியாமை இல்லை. முகம் சிதையாது, உடலைத் திருப்பித் தருவார்கள், சடங்கு எல்லாம் செய்யலாம் என்று அவரிடம் யாராவது நிதானமாகச் சொன்னீர்களா? பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையில் 1995 முதல் மூளைத் திசு வங்கி நடக்கிறது. அண்ணனையும் அண்ணியையும் அங்கே அழைத்துப்போய் அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் வாங்கிக் கொடுங்கள். சாவு வீட்டில் பேச நேரம் இருக்காது. பொதுவாக ஒரு நாளுக்குள் மூளையை எடுத்தாக வேண்டும். உங்கள் வேலைக்கு உடனே உறையவைத்த திசுதான் நல்லது, ஃபார்மலினில் ஊறினால் புரதம் மாறும், மெழுகில் பதித்துக் கரைப்பானில் கழுவினால் கொழுப்பு போய்விடும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். எனவே இப்போதே பேசுங்கள். ஆனால் உங்கள் தேவைக்காகப் பேசாதீர்கள். தானம் வந்த திசுவுக்கு எண் போட்டு, பெயரை மறைத்துத்தான் ஆய்வாளர்களுக்குக் கொடுப்பார்கள். அப்பா உங்கள் மேஜைக்கே வருவார் என்று மனதில் ஏதாவது ஓடினால் அதை விட்டுவிடுங்கள்.

அப்பா தெளிவாக இருந்தபோது கண்தானம், உடல்தானம் பற்றி ஏதாவது சொன்னாரா? சொல்லியிருந்தால் அண்ணிக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். கேளுங்கள். அண்ணி வேண்டாம் என்றால் எனக்கு அதுவே முடிவு. சட்டம் யாரை வாரிசு என்கிறது என்று என்னிடம் வாதாட வேண்டாம். நாலு வருஷம் தூக்கிச் சுமந்தவருக்கு என் கணக்கில் மகன்களுக்கு முன்னால் இடம். அந்த வங்கியில் ஏற்கெனவே பலர் தந்த மூளைகள் இருக்கின்றன. உங்கள் ஆய்வு வழிகாட்டி மூலம் நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு விண்ணப்பிக்கலாம். ஆய்வு நின்றுபோகாது.

பெங்களூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே 90 கிலோமீட்டர். பஸ்ஸில் இரண்டு மணி நேரம், கொஞ்சம் கூடலாம். அடுத்த தடவை நோட்டை வாங்க என்று போகாதீர்கள். இரண்டு வாரம் லீவு போட்டுப் போங்கள். அண்ணியை அவர் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு அப்பாவோடு நீங்கள் படுங்கள். நோட்டில் அந்த இரண்டு வாரத்தை நீங்கள் எழுதுங்கள், மணி போட்டு. அண்ணி திரும்பி வந்ததும், ஆய்வுக்கு ஒரு நகல் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேளுங்கள். நகல்தான். அசல் அவரிடமே இருக்கட்டும்.