"இந்த எக்ஸாம் முடியட்டும்"

அண்ணா வணக்கம். எனக்கு இப்ப 31. மெக்கானிக்கல் முடிச்சேன், சென்னை ஓஎம்ஆர் ரோட்ல பிபிஓ நைட் ஷிப்ட் பாத்தேன், 2019ல அதை விட்டுட்டு அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் எக்ஸாமுக்கு படிக்க உக்காந்தேன். 2022 குரூப் 4 கொஞ்சத்துல போச்சு, 2024லயும் போச்சு. நடுவுல டெலிவரி ஓட்டினேன், டியூஷன் எடுத்தேன், எதுலயும் நிக்கல. கூட வேலை பாத்த பொண்ணோட ஆறு வருஷப் பழக்கம். அவ வீட்ல வரன் பாக்குறாங்க. கேக்குறப்பல்லாம் "இந்த எக்ஸாம் முடியட்டும்"னு சொல்லுவேன், இப்ப அவ கேக்குறதையே நிறுத்திட்டா, அதுதான் பயமா இருக்கு. நான் சோம்பேறியாண்ணா? வேலையை முதல்ல பாக்குறதா, கல்யாணத்தையா?
(பேர் வேணாம், விருதுநகர் மாவட்டம்)

தம்பி,

2022ல 7,301 இடம்னு அறிவிச்ச பரிட்சையை 18 லட்சம் பேருக்கு மேல எழுதினாங்க, அதுல கொஞ்சத்துல விட்டவன் சோம்பேறி இல்ல. 2019 செப்டம்பருக்கு அப்புறம் அடுத்த குரூப் 4 நடந்ததே 2022 ஜூலைலதான், நடுவுல கொரோனா வேற, அந்த மூணு வருஷத்தை உங்க கணக்குல எழுதிக்காதீங்க.

ஆனா அந்தப் பொண்ணு கேக்குறதை நிறுத்திட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த வரியை நான் நாலு தடவை படிச்சேன்.

2001ல எனக்கு 29. திருவல்லிக்கேணி மேன்ஷன்ல ஒரு ரூம்ல மூணு பேர், மூணு பேருமே குரூப் எக்ஸாமுக்கு படிச்சிட்டிருந்தோம். அந்த நவம்பர்ல புது ஆள் எடுக்கக் கூடாதுன்னு தமிழ்நாடு அரசு ஆணை போட்டுச்சு. நான் அப்ப ஒருத்தியை விரும்பிட்டிருந்தேன், அவகிட்ட தடையை எடுத்துடுவாங்க, கொஞ்சம் பொறுன்னு சொன்னேன், அடுத்த வருஷமும் அதையேதான் சொன்னேன், அவ வேற எதுவும் கேக்கல, 2004ல கல்யாணம் பண்ணிட்டுப் போயிட்டா. எனக்கு அவ மேல கோபமே வரல, ஏன்னா நான் அவகிட்ட எதையும் கேட்டதும் இல்ல முழுசா சொன்னதும் இல்ல. 2006ல தடையை எடுத்தாங்க, தடையால வயசு போனவங்களுக்கு வயசு வரம்புல 5 வருஷம் தளர்த்தியும் குடுத்தாங்க. அந்தச் செய்தியை டீக்கடை பேப்பர்ல படிச்சிட்டு அங்கயே உக்காந்து அழுதேன். எனக்கு 5 வருஷம் திரும்பி வந்துச்சு. அவ எனக்காக காத்திருந்த வருஷத்துக்கு யாரு ஆணை போடுறது? உங்க காலத்துலயும் 2021ல கொரோனாவுக்காக வயசு வரம்பை 2 வருஷம் கூட்டினாங்க இல்லையா, அது உங்க ஹால் டிக்கெட்டுக்குத்தான், வரன் பாக்குற வீட்டுக்கு இல்ல.

அதனால வேலையா கல்யாணமா எது முதல்லன்னு கேக்குறதை விடுங்க, அப்படி வரிசை போட்டுத்தான் ஆறு வருஷம் போயிருக்கு. முதல்ல அவங்ககிட்ட உங்க நிலைமையை அப்படியே வைங்க, எத்தனை மார்க்ல போச்சு, கையில எவ்ளோ இருக்கு, கடன் எவ்ளோ, இன்னும் எத்தனை தடவை எழுதப் போறீங்க, எல்லாத்தையும். வாக்குறுதி எதுவும் குடுக்காதீங்க. அப்புறம் அவங்களுக்கு என்ன வேணும்னு கேளுங்க, அவங்களும் சம்பாதிக்கிறவங்கதானே, இருக்கிறதை வெச்சு ஆரம்பிக்கலாம்னுகூட சொல்லலாம், இல்ல போதும்னும் சொல்லலாம். போதும்னு சொன்னா ரொம்ப வலிக்கும் தம்பி, அதை நான் லேசா சொல்லல, ஆனா அது அவங்க எடுத்த முடிவா இருக்கும், வரன் முடிஞ்சப்புறம் போன்ல தெரிஞ்சுக்கிறதா இருக்காது.

வேலை விஷயம் இதைவிட சின்னது. குரூப் 4க்கு ஒரே பரிட்சை, மெயின்ஸ் இல்ல, இன்டர்வியூ இல்ல, 200 கேள்வில 100 தமிழ், ரெண்டு தடவை முழுசா படிச்சவர் நீங்க. நேரம் நிலையா இருக்கிற ஒரு வேலையில சேந்து, காலைல ரெண்டு மணி நேரம் படிச்சாலே அந்தப் படிப்பு கலையாது. சம்பளம் கம்மியா இருந்தாலும் பரவால்ல. குரூப் 1னு சொல்லியிருந்தா இப்படி சொல்லியிருக்க மாட்டேன்.

இந்த ஞாயித்துக்கிழமையே போங்க. போன்ல வேணாம், பஸ் புடிச்சு நேர்ல போய் பேசுங்க. அவங்க என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுதுங்க, அதை இங்க போட மாட்டேன்.