பல்லையும் எச்சத்தையும் வைத்து ஒரு காட்டு விலங்கு என்ன தின்றது என்று கண்டுபிடிக்க முடியுமா?

கேள்வி இது: கடலூர், புதுச்சேரி பக்கம் முந்திரித் தோப்பிலும் ஏரிக்கரையிலும் தாடை எலும்பு, மண்டை ஓடு, எச்சம் எல்லாம் கண்ணில் படுகிறது. இவற்றை வைத்து அந்த விலங்கின் உணவை வீட்டிலேயே கண்டறிய வழி உண்டா?

உண்டு. ஆனால் பல் சொல்வது ஒன்று, எச்சம் சொல்வது இன்னொன்று. எதைத் தின்னத் தோதாக அந்த இனம் அமைந்திருக்கிறது என்பதைப் பல் காட்டும். நேற்று ராத்திரி எதைத் தின்றது என்பது எச்சத்தில்தான் இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் 'நரியா, அது கறி தின்கிற ஜாதி' என்று பேச்சு முடிந்துவிடுகிறது. தை, மாசியில் செம்மண் மேட்டில் கிடக்கும் நரி எச்சத்தைக் கழுவிப் பாருங்கள், இலந்தைக் கொட்டை கைநிறைய வரலாம்.

முதலில் பல். ஒரு பக்கத்து மேல்தாடை, கீழ்த்தாடைப் பற்களை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். விழுந்த பல்லின் குழியையும் சேர்த்து எண்ண வேண்டும். இதை விட்டுவிட்டுத்தான் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். நரிக்கு 42, கீரிக்கும் மரநாய்க்கும் 40, நீர்நாய்க்கு 36, காட்டுப்பூனைக்கு 30, முயலுக்கு 28, எலிக்கு 16, காட்டுப்பன்றிக்கு 44. நாய்க்கும் 42தான். அதனால் எண்ணிக்கையை மட்டும் வைத்து 'நரி மண்டை' என்று சொல்லிவிடாதீர்கள். தோப்போரம் கிடைப்பது பெரும்பாலும் தெருநாயுடையதாகவே இருக்கும்.

எண்ணிக்கையைவிட வடிவம் முக்கியம். ஊனுண்ணிகளுக்கு மேலே நான்காவது முன்கடைவாய்ப்பல்லும் கீழே முதல் கடைவாய்ப்பல்லும் கத்தரிக்கோலின் இரண்டு அலகுபோல ஒன்றையொன்று உரசிப் போகும். சதையை அறுப்பது அந்த ஜோடிதான். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். பூனைக்கு அங்கே ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம், மேலே பெயருக்கு ஒரு சின்னப் பல் ஒட்டிக்கொண்டிருக்கும். கறியை அறுத்து விழுங்குவதோடு அதன் வேலை முடிந்தது. நரிக்கு மேலே இரண்டு அகலமான அரைக்கும் பற்கள் உண்டு, அதனால் பழம், வண்டு, நண்டு எதுவும் அதற்கு ஆகும். மரநாயின் கடைவாய்ப்பற்கள் இன்னும் மழுங்கலாக இருக்கும். அது பழத்தின் பக்கம் சாய்ந்த விலங்கு.

எலி, அணில், முயல் மூன்றுக்கும் வெட்டுப்பல்லுக்குப் பின் ஒரு நீண்ட வெற்றிடம் இருக்கும், கோரைப்பல் கிடையாது. எலியின் வெட்டுப்பல் முன்பக்கம் ஆரஞ்சு நிறமாக இருப்பதற்கு எனாமலில் உள்ள இரும்புச்சத்து காரணம். மேல் வெட்டுப்பல்லுக்குப் பின்னால் குச்சிபோல இன்னொரு ஜோடிப் பல் ஒளிந்திருந்தால் அது முயல். ஆட்டுத் தாடை கிடைத்துக் குழம்புகிறவர்கள் மேல்தாடையின் முன்பக்கத்தைப் பாருங்கள். அங்கே பல்லே இருக்காது.

எச்சத்தைப் பொறுத்தவரை தமிழிலேயே பாதி வகைப்பாடு இருக்கிறது. ஆடு, முயல், எலி போடுவது புழுக்கை, மாடு போடுவது சாணம், பறவையும் பல்லியும் போடுவது எச்சம். இங்கே வசதிக்காக நரி, மரநாய் போடுவதையும் எச்சம் என்றே சொல்கிறேன். முயல் புழுக்கையை உதிர்த்தால் புல் நாரைத் தவிர வேறெதுவும் தென்படாது. உடும்பின் எச்சத்தில் ஒரு முனை சுண்ணாம்புபோல வெள்ளையாக இருக்கும்.

தொடங்குகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது நரி எச்சம் அல்ல, கூகை என்கிற ஆந்தை கக்கிய உருண்டை. கூகை எலியை முழுசாக விழுங்கி, செரிக்காத எலும்பையும் மயிரையும் உருட்டி வாய்வழியே கக்கிவிடும். பாழடைந்த கட்டடம், பழைய கோபுரம், பனந்தோப்பு ஆகியவற்றின் அடியில் கட்டைவிரல் பருமனில் கருஞ்சாம்பல் உருண்டைகள் கிடந்தால் அதுதான். ஒன்றை வெதுவெதுப்பான நீரில் சோப்புக் கரைசல் இரண்டு சொட்டு விட்டு அரை மணி நேரம் ஊறவிடுங்கள். வெள்ளைத் தட்டில் வைத்து இரண்டு ஊசியால் மயிரைப் பிரித்தால் எலும்புகள் உடையாமல் வரும். காய்ந்த உருண்டையை அப்படியே பிய்த்தால் தாடை முறிந்துபோகும், கொதிக்க வைத்தால் பல் கழன்றுவிடும்.

பிறகு கீழ்த்தாடைகளை இடது, வலது என்று பிரித்து வையுங்கள். இடது நான்கு, வலது மூன்று என்றால் குறைந்தது நான்கு பிராணிகள். ஏழு அல்ல. தாடையில் வெற்றிடம் இல்லாமல் ஊசி ஊசியாகப் பற்கள் தொடர்ந்து போனால் அது எலியே அல்ல, மூஞ்சூறு. மேல் வெட்டுப்பல்லின் நெடுக ஒரு கோடு பள்ளமாக ஓடினால் வெள்ளெலி. புள்ளி ஆந்தையின் உருண்டை இதைவிடச் சின்னது, அதில் வண்டின் ஓடும் வெட்டுக்கிளிக் காலும் கூடுதலாக இருக்கும்.

நரி, மரநாய், கீரி எச்சத்துக்கு வேலை கொஞ்சம் அதிகம். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். காகித உறையில் போட்டு, தேதி, இடம், பாதையா வரப்பா மரக்கிளையா என்பதை அங்கேயே எழுதுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். நாய் இன விலங்குகளின் எச்சத்தில் நாடாப்புழு முட்டைகள் இருக்கக்கூடும், வெயிலில் காய்ந்தால் செத்துவிடும் என்று நம்ப முடியாது. அதனால் நைலான் துணியில் முடிந்து, சமையலுக்குப் பயன்படுத்தாத பாத்திரத்தில், வீட்டுக்கு வெளியே, பதினைந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். பிறகு டீ வடிகட்டியில் வைத்துத் தண்ணீர் தெளியும்வரை அலசி, காகிதத்தில் பரப்பி உலர்த்தினால் மயிர், எலும்பு, விதை, பூச்சி ஓடு, செதில் எல்லாம் தனித்தனியாகத் தெரியும். ஏரி, கழிமுகக் கரையில் மேடான ஒரே இடத்தில் மீன் செதிலும் நண்டு ஓடுமாகக் குவிந்து, மீன் நாற்றம் அடித்தால் நீர்நாயை நினைக்கலாம்.

மயிரை அடையாளம் காண ஒரு எளிய வழி: கண்ணாடிச் சில்லில் நிறமற்ற நகப்பூச்சை மெல்லியதாகத் தடவி, ஸ்பிரிட்டில் கழுவிய மயிரை அதன்மேல் கிடத்துங்கள். காய்ந்ததும் இடுக்கியால் உரித்தெடுத்தால் மயிரின் மேற்புறச் செதில் அச்சாக விழுந்திருக்கும். பள்ளிக்கூட நுண்ணோக்கியே போதும். ஆனால் ஒப்பிட உங்களிடம் மாதிரி வேண்டும். ஆடு, நாய், பூனை, எலி மயிரிலிருந்து தொடங்குங்கள். விதைகளுக்கும் அப்படியே. இலந்தை, நாவல், ஈச்சம், வேம்பு, சப்போட்டா என்று தெரிந்த விதைகளைத் தீப்பெட்டிகளில் போட்டுப் பெயர் எழுதி வைத்தால், ஒரு வருடத்தில் எந்தப் புத்தகத்தையும்விட அது உதவும்.

முந்திரித் தோப்புப் பக்கம் இன்னொரு தடயம் உண்டு. பங்குனி, சித்திரையில், முந்திரி மரமே இல்லாத இடத்தில் ஒரு மரத்தடியில் கொட்டை மட்டும் குவிந்து கிடக்கும். பழந்தின்னி வௌவால் பழத்தைக் கொட்டையோடு கவ்வி வந்து, சாற்றை உறிஞ்சிவிட்டுக் கொட்டையைப் போட்டிருக்கிறது. தோலில் இருக்கும், பட்டால் புண் உண்டாக்குகிற எண்ணெய்க்குப் பயந்து கொட்டையை அது தொடுவதில்லை. பக்கத்திலேயே விரல்நுனி அளவு சக்கை உருண்டைகள் காய்ந்து கிடக்கும். வாயில் அழுத்திச் சாறு எடுத்துத் துப்பியவை. புதுச்சேரித் தெருக்களில் பாதாம் மரத்தடியிலும் இதைப் பார்க்கலாம். பழச்சதை மட்டும் சுரண்டப்பட்டு, மேலே சின்னக் குத்துத் தடம் இருந்தால் வௌவால். அணிலும் எலியும் கடித்த இடத்தில் இணையாக இரண்டு கோடு ஓடும். கிளி பாதி தின்று பாதியைச் சிதறிவிட்டுப் போகும்.

கணக்கில் எங்கே தப்பு வரும்? முட்டை, இளஞ்சதை, வாழைப்பழம் போன்றவை எச்சத்தில் பெரும்பாலும் தடம் விடாது. ஆட்டோடு ஒப்பிட்டால் எலியின் உடலில் தோலும் மயிரும் விகிதத்தில் அதிகம், அதனால் எலி தின்றது பெரிதாகவும் ஆட்டுக்கறி தின்றது சிறிதாகவும் தெரியும். இரண்டொரு மயிர் மட்டும் கிடைத்தால் அது நக்கிக்கொள்ளும்போது விழுங்கிய சொந்த மயிராக இருக்கலாம். நரி தின்ற தவளையின் வயிற்றில் இருந்த வண்டும் நரியின் கணக்கில் ஏறிவிடும். நூறு எச்சத்தில் நாற்பதில் எலி என்றால் 'நாற்பது சதவீத எச்சங்களில் எலி இருந்தது' என்று எழுதுங்கள், 'உணவில் நாற்பது சதவீதம் எலி' என்று எழுதினால் தப்பு.

கிடைத்த பல்லையோ நகத்தையோ மோகத்தில் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். பாதுகாக்கப்பட்ட விலங்கின் உறுப்பை அனுமதியின்றி வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பக்கத்தில் ஒரு அளவுகோலையோ பத்து ரூபாய் நாணயத்தையோ வைத்து மேலிருந்து, பக்கவாட்டிலிருந்து, பற்கள் தெரியும்படி என்று மூன்று படம் எடுத்தால் அடையாளம் காணப் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எச்சம் கரைந்துவிடும், மற்ற நாட்களில் சாணி வண்டும் கரையானும் முந்திக்கொள்ளும். தை பிறந்து வைகாசி வரை, வெயில் ஏறுவதற்குமுன் காலையில் போனால் நிறையக் கிடைக்கும்.