கைராசிக்கும் தொட்டிச் செடிக்கும் சம்பந்தம் இல்லை

கேள்வி: ஜோகன்னஸ்பர்க்கில் ஃபிளாட்டுக்குள் வைக்கும் செடி எதுவுமே தங்குவதில்லை. எனக்குக் கைராசி இல்லை என்கிறார்கள். உண்மையா?

கைராசி என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். யாரோ வீட்டுக்கு வந்தவர்கள் சொல்லியிருப்பார்கள். நீங்களும் அதிலிருந்து தினமும் இன்னும் கொஞ்சம் அதிகமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பீர்கள். சரிதானே?

எங்கள் வீட்டில் அதைச் சொன்னவர் என் மாமியார். மதுரையிலிருந்து வந்து ஜூன், ஜூலை இரண்டு மாதமும் எங்களோடு இருந்தார். ஊரில் துளசிக்கு ஊற்றுவது போலவே, ஹாலில் இருந்த இசட் இசட் செடிக்கும் காலையில் ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு. வேண்டாம் அத்தை என்றால், "வாயில்லா ஜீவன், காயப்போடாதே" என்பார். மண்ணுக்கடியில் உருளைக்கிழங்கு மாதிரி கிழங்கு விட்டு, அதிலேயே தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் செடி அது. கென்யாவிலிருந்து நம் தென்னாப்பிரிக்காவின் குவாஸூலு-நட்டால் மாகாணம் வரைக்கும் காட்டில் தானாக வளர்வது. மாதக்கணக்கில் மழை இல்லாமலே தாக்குப்பிடிக்கும். அதற்குப் போய் இரண்டு சொம்பு!

தண்டு மஞ்சளாகிச் சாய்ந்ததும், வந்திருந்த விருந்தாளிகள் முன்னாலேயே, "இவள் கைக்குப் பச்சை ஒட்டாது" என்றார். என் வீட்டுக்காரர் போனிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. அதுதான் இன்றுவரை ஆறவில்லை. யார் ஊற்றிய தண்ணீர் என்று அவருக்குத் தெரியாதா என்ன? வாடகைக்காரர்களோடு தகராறு, காருக்கு இன்ஷூரன்ஸ் என்று எல்லாவற்றுக்கும் பேச வாய் இருக்கிறது, இதற்கு மட்டும் இல்லை. சரி, அது வேறு கதை.

பெரியவர்களைக் குறை சொல்கிறாள் என்று கீழே எழுத வருபவர்களுக்கு: மாமியார் வளர்த்த மல்லிகைப் பந்தலை நான் பார்த்திருக்கிறேன், தெருவே மணக்கும். ஆனால் மதுரை வெயிலில் காலையில் ஊற்றினால் மதியத்துக்குள் மண் காய்ந்துவிடும். இங்கே ஜூன் மாதக் குளிரில், வீட்டுக்குள், செடி வளர்வதையே ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. குடிக்காத தண்ணீர் தொட்டியிலேயே நிற்கும். வேருக்குக் காற்றும் வேண்டும். ஈரம் வடியாத மண்ணில் காற்றுக்கு இடமில்லை, வேர் அழுகும். அழுகிய வேர் தண்ணீரை உறிஞ்சாது, அதனால் இலை வாடும். வாடுகிறதே என்று மறுபடி ஊற்றுவோம். ஃபிளாட்டில் சாகிற செடிகளில் பெரும்பாலானவை இப்படித்தான் சாகின்றன.

மாமியார் ஊருக்குப் போனதும் தொட்டியைக் கவிழ்த்து, கொழகொழ என்றிருந்த பகுதியை வெட்டி எறிந்தேன். நல்ல கிழங்கைச் சில நாள் நிழலில் உலரவிட்டு, மணல் கலந்த மண்ணில் வைத்தேன். மழைக்காலம் தொடங்கியபோது குருத்து விட்டது. போட்டோ எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை.

உங்களுக்கு வருகிறேன். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்றாதீர்கள், நாள் கணக்கெல்லாம் வேண்டாம். தொட்டிக்கு அடியில் ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். கடையில் அழகுக்காக விற்கும் பீங்கான் தொட்டிகள் பலவற்றில் இருக்காது.

அப்புறம் வெளிச்சம். வடக்கு அரைக்கோளத்துக்காரர்கள் இணையத்தில் தெற்கு ஜன்னல் என்று எழுதுவதை அப்படியே பின்பற்றாதீர்கள். இங்கே சூரியன் வடக்குப் பக்கமாகப் போகிறது, அதனால் வடக்கு ஜன்னலில்தான் வெளிச்சம் அதிகம். மணி பிளாண்ட்டை அக்னி மூலையில்தான் வைக்க வேண்டும் என்று வாஸ்து பார்ப்பவர்கள் சண்டைக்கு வரலாம். வைத்துக்கொள்ளுங்கள், அந்த மூலையில் ஜன்னல் இருந்தால்.

குளிர்காலத்தில் ஹீட்டருக்குப் பக்கத்தில் எதையும் வைக்காதீர்கள். புதிதாக வாங்குவதென்றால் செப்டம்பர் வரை பொறுங்கள். வீட்டில் குழந்தையோ பூனையோ இருந்தால் மணி பிளாண்ட்டும் இசட் இசட்டும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும், கடித்தால் வாயெல்லாம் எரியும். ஸ்பைடர் பிளாண்ட்டுக்கு அந்தப் பயம் இல்லை, அதுவும் இந்த நாட்டுச் செடிதான். அதிலிருந்தே ஆரம்பியுங்கள்.