கம்பியைத் தளர்த்தினால் துரோகமா?

வணக்கம் அண்ணா,

நான் மட்டக்களப்பு, கல்லடி. நாலு பேர் சேர்ந்து ஒரு மெற்றல் இசைக்குழு வைத்திருக்கிறோம், நான் கிற்றார். மெற்றாலிக்கா 1991 இல் கறுப்பு அல்பத்தோடு விலைபோய்விட்டார்கள் என்பது என் கருத்து. வேகத்தைக் குறைத்தார்கள், பாட்டைச் சுருக்கினார்கள், 1996 இல் முடியையும் வெட்டினார்கள். டெத் மாதிரியான குழு கடைசி வரை மாறவில்லை. ஒபெத் குழு 2011 இல் உறுமல் குரலில் பாடுவதை விட்டதும் கோழைத்தனமாகத்தான் படுகிறது. இப்போது எங்கள் ட்ரம்ஸ்காரன், வேகத்தைக் குறைத்து, கிற்றாரின் சுருதியை 'சி' வரை இறக்கி, தமிழில் பாடி, கூத்துக்கு மத்தளம் அடிக்கும் அவன் மாமாவையும் சேர்ப்போம் என்கிறான். அப்படியென்றால் நான் விலகுவேன் என்று சொல்லிவிட்டேன். 9-42 என்ற மெல்லிய கம்பியில் 'சி' வரை இறக்கியும் பார்த்தோம், ஒன்றும் தெளிவாகக் கேட்கவில்லை. நான் சொல்வது பிழையா?

அன்புள்ள தம்பி,

மத்தளம் என்று கண்டதும் உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன். கூத்தும் மெற்றலும், மாறியதால் கெட்டுப்போனவை என்ற ஒரே பழியைச் சுமந்தவை என்பது கொஞ்ச காலமாக மனதில் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம்.

முடி வெட்டியதற்கு நான் பதில் எழுத மாட்டேன். ஒபெத் 2003 இலேயே டாம்னேஷன் என்று உறுமலே இல்லாத முழு அல்பம் ஒன்றை வெளியிட்டவர்கள். அதைக் கேட்டுவிட்டு 2011 பற்றிக் கதையுங்கள்.

டெத் மாறவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. 1987 இன் ஸ்க்ரீம் பிளடி கோரையும் 1991 இன் ஹியூமனையும் அடுத்தடுத்துப் போட்டு ஒரு நாளாவது கேட்டீர்களா? அந்தக் குழுவை நடத்திய சக் ஷுல்டினர் அல்பத்துக்கு அல்பம் ஆட்களையே மாற்றியவர். ஹியூமனுக்கு சினிக் குழுவின் போல் மஸ்விடலையும் ஷான் ரைனர்ட்டையும் கூட்டி வந்தார். 1998 இல் வந்த கடைசி அல்பத்தில் அவருடைய குரல்கூட மேலே ஏறிக் கீச்சிட்டது. மெற்றாலிக்காவை விடக் கூட மாறியவர் அவர். ஒருவரும் அவரை விலைபோனவர் என்று சொல்லவில்லை, ஏனென்றால் அவர் மாற மாற வாசிப்பது கடினமாகிக்கொண்டே போனது. கடினமென்றால் நேர்மை, இலகுவென்றால் காசுக்கு என்று நீங்களாகவே ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறீர்கள். அந்தக் கணக்கு பிழை. பிழையென்று கையால் காட்ட முடியும்.

சாதாரண டியூனிங்கில் உங்கள் தடித்த கம்பி 'ஈ', 82 ஹேர்ட்ஸ். 'சி' வரை இறக்கினால் 65. அதாவது ஓர் அதிர்வு முழுதாக முடிய 15 மில்லிசெக்கன் வேண்டும். நிமிடத்துக்கு 190 அடி வேகத்தில், ஓர் அடிக்கு நாலாகப் பிரித்து அடித்தால், அந்த ஒவ்வொரு கால் அடிக்கும் கிடைப்பது 79 மில்லிசெக்கன். அதற்குள் அந்தக் கம்பி ஐந்து தரம்தான் அதிரும். உள்ளங்கையை வைத்து அமர்த்தினால் அதுவும் குறையும். காதுக்குச் சுருதி பிடிபட முதல் அடுத்த அடி விழுந்துவிடும். வேகத்தை 110 க்கு இறக்குங்கள், 136 மில்லிசெக்கன் கிடைக்கும், கம்பி ஒன்பது தரம் அதிரும், அது என்ன சுரம் என்று ஆளுக்கு விளங்கும். தாழ்ந்த கம்பிக்கு நேரம் வேண்டும். உங்கள் ட்ரம்ஸ்காரன் வேகத்தையும் டியூனிங்கையும் சேர்த்தே இறக்கச் சொன்னது அதனால்தான். அவனுக்கு அது காதால் தெரிந்திருக்கிறது.

இனி மெற்றாலிக்காவின் 1988 இன் ஜஸ்டிஸ் அல்பத்தையும் 1991 இன் கறுப்பு அல்பத்தையும் வைத்துப் பாருங்கள். ஜஸ்டிஸில் ஒன்பது பாட்டு, 65 நிமிடம், ஜேசன் நியூஸ்டெட்டின் பேஸ் கிற்றார் கேட்கவே கேட்காது. அந்த வேகத்தில் கீழ்ச்சுரத்துக்கு இடமும் இல்லை. பிறகு, மொட்லி க்ரூ குழுவின் டொக்டர் ஃபீல்குட் அல்பத்தில் கேட்ட அடிக்கனம் பிடித்துப்போய், அதைத் தயாரித்த பொப் ரொக்கையே கூப்பிட்டார்கள். சாட் பட் ட்ரூ என்ற பாட்டில் கிற்றாரை ஒரு முழுச்சுரம் இறக்கி 'டி' க்குக் கொண்டு வந்தார்கள். வேகம் விழுந்தது, ரிஃப்களின், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிற்றார்த் துண்டுகளின், எண்ணிக்கை விழுந்தது, பேஸ் எழும்பியது. கிற்றார்காரனுக்கு வேலை குறைந்தது உண்மை. பேஸ்காரனுக்கும் பாடுகிறவனுக்கும் வேலை கூடியது. நீங்கள் கிற்றார், அதனால் குறைந்தது மட்டும் உங்கள் கண்ணில் படுகிறது.

ஒரு குழு மாறும்போது நான் கேட்கும் கேள்வி இதுதான்: இந்த மாற்றத்தால் யாருடைய வேலை கூடியது, யாருடையது குறைந்தது? எல்லாருடைய வேலையும் குறைந்து உடுப்பும் படமும் மட்டும் மினுங்கினால் சந்தேகப்படுங்கள். செல்டிக் ஃப்ரொஸ்ட் குழு 1988 இல் கோல்ட் லேக் என்று அப்படி ஓர் அல்பம் செய்தார்கள். பிற்காலத்தில் அதைச் செய்த டொம் வொரியரே அதைக் கைகழுவிவிட்டார். விலைபோவது என்று ஒன்று உலகத்தில் இல்லையென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் 2003 இல் மெற்றாலிக்கா செய்த செயின்ற் ஆங்கரைப் பாருங்கள். அதில் கிற்றார் தனியே வாசிக்கும் சோலோ ஒன்றுகூட இல்லை, ஸ்னேர் ட்ரம்மின் அடியிலுள்ள கம்பிகளைத் தளர்த்திவிட்டு அடித்ததில் தகரப்பேணிச் சத்தம். சோலோ வாசிக்கும் கேர்க் ஹமெற்றின் வேலையைப் பிடுங்கி எறிந்த அல்பம் அது. எனக்குப் பிடிக்காது, ஆனால் அதைக் காசுக்குச் செய்தார்கள் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. மாற்றம் பிழைத்துப்போவது வேறு, விலைபோவது வேறு.

உங்கள் கிற்றார் தெளிவில்லாமல் கேட்டதற்கு 'சி' மேல் பழி போடாதீர்கள். 9-42 கம்பியை அவ்வளவு இறக்கினால் அது தொய்ந்து, பலமாக அடித்த உடனே சுருதி மேலே ஓடி, பிறகு கீழே விழும். ஃப்ரெட்டில் தட்டிச் சலசலக்கும். கம்பி அதிரும் நீளம் 25.5 அங்குலமுள்ள கிற்றாரென்றால் 11-54 போடுங்கள், 24.75 என்றால் 12-56. தடித்த கம்பி, கழுத்தின் நுனியில் கம்பிகளைத் தாங்கும் பழைய நட்டின் பள்ளத்தில் உட்காராது, டியூன் பண்ணும்போது டிக் டிக்கென்று பாயும். பள்ளத்தைக் கொஞ்சம் அராவ வேண்டும், ஆழத்தைக் கூட்டாமல் அகலத்தை மட்டும். பிறகு முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அமர்த்திக்கொண்டு ஏழாவதில் கம்பிக்குக் கீழே உள்ள இடைவெளியைப் பாருங்கள். கால் மில்லிமீற்றர் அளவு போதும். கூடக்குறைய இருந்தால் கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ரொட் என்ற உலோகக் கோலைக் காற்சுற்று திருப்பிவிட்டுப் பொறுத்துப் பாருங்கள், ஒரேயடியாய் முறுக்க வேண்டாம். கடைசியாக 12 ஆம் ஃப்ரெட்: அமர்த்தி அடித்த சுரம் அதே இடத்து ஹார்மொனிக்கை விட மேலே நின்றால் மறுமுனையில் கம்பியைத் தாங்கும் சாடிலைப் பின்னுக்குத் தள்ளுங்கள். அம்ப்ளிஃபையருக்கு முன்னால் ஓவர்ட்ரைவ் பெடல் ஒன்றை வைத்து, ட்ரைவைப் பூச்சியத்திலும் லெவலைக் கூட்டியும் விடுங்கள். அது டிஸ்ரோர்ஷனுக்குப் போக முதலே தாழ்ந்த சத்தத்தைக் கொஞ்சம் வெட்டிவிடும். தெளிவு அங்கேதான் வரும். கெயினைக் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் குழம்பும்.

இனி மத்தளம்.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960 களில் பேராதனையில் மட்டக்களப்புக் கூத்தை மேடையேற்றியபோது, விடியவிடிய ஆடும் கூத்து ஒன்றரை மணித்தியால அளவுக்குச் சுருங்கியது. நாலு பக்கமும் சனம் இருந்து பார்த்த வட்டக்களரி, ஒரு பக்கம் மட்டும் பார்க்கிற படச்சட்ட மேடையானது. கூத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்றார்கள் சிலர், காப்பாற்றிவிட்டார்கள் என்றார்கள் சிலர். நான் இங்கேயும் அதே கேள்வியைத்தான் கேட்கிறேன். நடிகனின் வேலை கூடியது. இராவணேசன் கூத்தில் மௌனகுரு ஆடியதைப் பற்றி இன்றைக்கும் கதைக்கிறார்கள். முகபாவமும் நாடகக் கட்டுக்கோப்பும் ஒளியும் வந்தன. குறைந்தது ஊருடைய வேலை. சட்டம் கொடுத்த, அதாவது ஆடுகிறவர்களுக்குப் பாத்திரங்களைப் பங்கிட்ட, நாள் தொட்டு அரங்கேற்றம் வரை மாதக்கணக்கில் ஒரு கிராமமே தூக்கிச் சுமந்தது, மேடைக்கு வந்ததும் டிக்கெற் வாங்கிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தது. அந்த இழப்பைக் கண்டவர்கள் பிறகு வந்தார்கள். 2000 களின் தொடக்கத்தில் மட்டக்களப்புச் சீலாமுனையில் சி. ஜெயசங்கர் ஊராரோடு சேர்ந்து செய்த கூத்து மீளுருவாக்கம் வேலையைத் திரும்ப ஊரிடமே கொடுத்தது. கதையில் எதை மாற்றுவது என்றுகூட ஆடுகிறவர்களே இருந்து பேசினார்கள். அதுவும் பெரிய மாற்றம்தான். இந்த மூன்றில் எது அசல், எது துரோகம் என்று கல்லடியில் இருந்துகொண்டு ஒரு வரியில் தீர்ப்புச் சொல்லுங்கள் பார்ப்போம். உங்களால் முடியாது, என்னாலும் முடியாது. அப்படியிருக்க, கலிபோர்னியாவில் இருந்த நாலு பேருக்கு மட்டும் எப்படி ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள்?

மாமாவைக் கூப்பிடுங்கள். ஆனால் அவரை அலங்காரத்துக்கு வைக்காதீர்கள், எனக்கு அதுதான் பயம். பாட்டை முழுக்கக் கட்டி முடித்துவிட்டு நடுவில் எட்டு அடிக்கு மத்தளத்தைத் தூவிவிடும் குழுக்களைத்தான் நான் விலைபோனவை என்பேன். முதலில் மத்தளத்தையும் பாட்டையும், வேகம் மாறாமல் இருக்கக் காதில் தட்டிக்கொண்டிருக்கும் கிளிக் இல்லாமல் பதிவு செய்யுங்கள். கூத்து மத்தளம் ஆடுகிறவனின் காலைப் பார்த்து அடிக்கிற வாத்தியம், வேகம் ஏறும் இறங்கும். காதில் கிளிக்கை மாட்டினால் கை விறைத்துப்போகும். பதிவு செய்த பிறகு அந்த வேகத்தைக் கணினியில் அடிக்கு அடி குறித்து, அதன் மேல் ட்ரம்ஸும் கிற்றாரும் வாசிக்கட்டும். இரண்டு தலைக்கும் வெவ்வேறு மைக் வையுங்கள். தாழ்ந்த சத்தம் தரும் தலை அடிக்கும் இடத்தில் கிக் ட்ரம்மை விட்டுவிடச் சொல்லுங்கள், இரண்டும் ஒரே இடத்தில் மோதினால் இரண்டுமே கேட்காது. கிற்றாரில் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், அது பேஸுக்கும் மத்தளத்துக்கும் உரிய இடம். வலது தலை தெளிவாகச் சுருதி பேசும். அதைக் கேட்டு அதற்கு உங்கள் கிற்றாரை டியூன் பண்ணுங்கள், டியூனர் மெஷினைப் பார்த்து அல்ல. மார்கழி மழையில் தோல் ஈரம் குடித்துச் சுருதி இறங்கும் என்பதால் ஒவ்வொரு தரமும் பதிவுக்கு முன் திரும்பக் கேட்டுச் சரிபாருங்கள். 'சி' என்று பிடிவாதம் வேண்டாம். மத்தளம் 'சி' க்கும் 'டி' க்கும் நடுவில் நின்றால் நீங்களும் அங்கேயே நில்லுங்கள்.

வெளியிடும்போது அவருடைய பெயர் இசை என்ற இடத்தில் உங்கள் நாலு பேரின் பெயரோடு வர வேண்டும், நன்றி சொல்லும் இடத்தில் வரக்கூடாது. காசு ஏதும் வந்தால் ஐந்தாகப் பிரியுங்கள்.