ரட்டில்ஸ்: பகடி மாதிரி இல்லாத பகடி

அன்புள்ள ஐயா,

ராக் இசைக்குழுக்களைக் கேலி செய்யும் ‘ஸ்பைனல் டாப்’ படம் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தேன். அந்த ஜோரிலேயே பீட்டில்ஸ் இசைக்குழுவை ரட்டில்ஸ் என்ற கற்பனைக் குழுவாக்கி நக்கலடிக்கும் ‘ஆல் யூ நீட் இஸ் கேஷ்’ படத்தையும் பார்த்தேன். பாதி இடங்களில் சிரிப்பே வரவில்லை. பாட்டுகளோ பகடி மாதிரியே இல்லை, நிஜமாகவே நன்றாக இருக்கின்றன. அதில் ஒன்றை இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறேன். கேலிப் படத்துக்கு இது தோல்விதானே? பீட்டில்ஸ்காரர்களுக்குக் கோபம் வரவில்லையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சிரிப்பு வராத இடங்கள் இருக்கத்தான் செய்கின்றன. பீட்டில்ஸில் ஒருவரான ஜான் லெனனின் மனைவி யோகோ ஓனோவுக்குப் பதிலாக நாஜிச் சீருடை போட்ட ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தும் ஜோக் ரொம்ப மட்டம். அமெரிக்காவில் 1978 மார்ச்சில் என்பிசியில் ஒளிபரப்பானபோது ரேட்டிங்கில் மண்ணைக் கவ்விய படம்தான் இது. ஆனால் பாட்டுகளைப் பற்றி நீங்கள் குறையாகச் சொல்வதுதான் என் கணக்கில் படத்தின் பலமே.

மான்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவின் எரிக் ஐடில் பிபிசியில் நடத்திய ‘ரட்லண்ட் வீக்கெண்ட் டெலிவிஷன்’ நிகழ்ச்சியில் சின்னத் துண்டாக வந்ததுதான் ரட்டில்ஸ். பாட்டுகள் நீல் இன்னஸ் போட்டவை. முழுப்படத்துக்குப் பாட்டு எழுத உட்கார்ந்தபோது அவர் பீட்டில்ஸ் இசைத்தட்டுகளைப் போட்டுக் கேட்கவே இல்லை, ஞாபகத்தில் இருந்ததை வைத்தே எழுதினார். அதனால்தான் ‘சீஸ் அண்ட் ஆனியன்ஸ்’ கேட்டால் லெனன் எழுதியது போலவே இருக்கிறது, சரி, அவருடைய எந்தப் பாட்டின் நகல் என்று கேட்டால் உங்களால் சட்டென்று கைகாட்ட முடியாது. ஆனால் லெனன் - மெக்கார்ட்னி பாடல்களின் உரிமையை அப்போது வைத்திருந்த ஏடிவி மியூசிக் கைகாட்டியது. வழக்கு என்று வந்து, உரிமைத்தொகையில் பாதியை வாங்கிக்கொண்டும் போனது. தானாக உட்கார்ந்து எழுதிய பாட்டுக்கு இன்னஸ் கப்பம் கட்ட வேண்டிவந்தது!

இன்னொன்று, பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி வேஷத்தில் ஐடில் வாயசைக்க, குரல் கொடுத்தவர் ஆலி ஹால்சல் என்ற கிதார்க்காரர். படத்தில் அவர் முகம் வருவது கொஞ்ச நேரம்தான், ஹாம்பர்க்கில் பின்னால் சும்மா நிற்கும் ஐந்தாவது ரட்டிலாக.

கோபமா? பீட்டில்ஸில் ஒருவரான ஜார்ஜ் ஹாரிசன் படத்திலேயே நடித்திருக்கிறாரே, கவனித்தீர்களா? நரைத்த தலையோடு மைக்கை நீட்டிக்கொண்டு ரட்டில்ஸின் கம்பெனி வாசலில் பேட்டி எடுக்கும் நிருபர் அவர்தான். மைக்கேல் பேலின் கம்பெனியின் செய்தித் தொடர்பாளராக நின்று, திருட்டாவது ஒன்றாவது, எல்லாம் வதந்தி என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருக்க, அவருக்குப் பின்னால் ஆட்கள் ஆபீஸ் சாமான்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், கடைசியில் நிருபரின் மைக்கும் போய்விடுகிறது. பீட்டில்ஸ் சொந்தமாகத் தொடங்கிய ஆப்பிள் கம்பெனி அந்தக் கடைசி வருஷங்களில் கிட்டத்தட்ட அப்படித்தான் கொள்ளை போனது. தன் சொந்தப் பணம் போன கதைக்குத் தானே மைக் பிடித்திருக்கிறார் மனிதர். அதுமட்டுமா, பீட்டில்ஸைப் பற்றி அவர்களின் உதவியாளர் நீல் ஆஸ்பினால் எடுத்து முடிக்காமல் வைத்திருந்த ஆவணப்படத்தை ஐடிலுக்குப் போட்டுக்காட்டியதும் ஹாரிசன்தான். அசல் கதை ‘ஆந்தாலஜி’ என்று தொலைக்காட்சிக்கு வந்தது 1995இல்தான், கேலி பதினேழு வருஷம் முந்திக்கொண்டது.

லெனனுக்கும் படம் பிடித்திருந்தது. ‘கெட் அப் அண்ட் கோ’ மட்டும் பீட்டில்ஸின் ‘கெட் பேக்’ பாட்டுக்கு ரொம்பக் கிட்டே போகிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று எச்சரித்தாராம். அந்தப் பாட்டு படத்தில் உண்டு, அப்போது வந்த இசைத்தட்டில் இல்லை.

அப்புறம், ‘ஸ்பைனல் டாப்’ 1984இல் வந்தது, இதற்கு ஆறு வருஷம் பின்னால். அதில் வருவது கற்பனைக் குழு, எது சொன்னாலும் செல்லும். இதில் அசல் கதை ஊருக்கே தெரியும், அதை விட்டு ரொம்ப விலகவும் முடியாது, அப்படியே சொல்லவும் முடியாது. பீட்டில்ஸ் வரலாறு தெரியாமல் பார்த்தால் பாதி ஜோக் கைநழுவிப் போகத்தான் செய்யும். ‘ஆந்தாலஜி’யில் முதல் இரண்டு பகுதியாவது பார்த்துவிட்டு இன்னொரு முறை போடுங்கள்.

அது சரி, முணுமுணுப்பது எந்தப் பாட்டு என்று எழுதவில்லையே?