வீட்டுத் தியேட்டரில் பழைய ஸ்டுடியோ மானிட்டர்: கேள்வி-பதில்

கேள்வி: சாலிகிராமத்தில் மூடிவிட்ட ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோவிலிருந்து 12 அங்குல மானிட்டர் (பதிவான ஒலியைக் கேட்டுச் சரிபார்க்கும் ஸ்பீக்கர்) ஜோடி வாங்கினேன். வூஃபரின் (பேஸ் ஒலி தரும் பெரிய ஸ்பீக்கர்) விளிம்பில் இருக்கும் ஃபோம் விரல் பட்டாலே உதிர்கிறது. தூக்கிப் போட வேண்டியதுதானா? (பெசன்ட் நகர்)

பதில்: போட்டுவிடாதீர்கள். அந்த ஃபோம் பாலியூரிதேன். பத்துப் பதினைந்து வருடத்தில் தானாகவே பிசுபிசுத்துப் பொடியாகும், பாட்டே போடாமல் பூட்டி வைத்திருந்தாலும் சரி. நம் ஊர்ப் புழுக்கம் அதை இன்னும் சீக்கிரம் தின்னும். கோனும் (முன்னால் அதிரும் காகிதக் கூம்பு) அதன் பின்னால் இருக்கும் கம்பிச் சுருளான காயிலும் நன்றாக இருந்தால் விளிம்பை மட்டும் மாற்றினால் போதும்.

வூஃபரின் நடுமூடியைச் சுற்றி நான்கு விரல்களைச் சமமாக வைத்து மெல்ல அழுத்துங்கள். சத்தமில்லாமல் உள்ளே போய்த் திரும்ப வேண்டும். சரசரவென்று உரசினால் காயில் கோணியிருக்கிறது. அப்புறம் வூஃபரைக் கழற்றி மல்டிமீட்டர் வையுங்கள். 8 ஓம் வூஃபர் சுமார் 6 ஓம் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் வேலைக்குக் கொடுக்கும்போது "விளிம்பு மட்டும்" என்று அழுத்திச் சொல்லுங்கள். நான் சொல்லாமல் கொடுத்து ஒரு ஜோடியை இழந்தேன். கோனையே புதிதாகப் போட்டு, விளிம்பில் தடித்த துணி ஒட்டித் தந்தார்கள். பழைய குரல் திரும்பவே இல்லை. அந்தக் காகிதக் கோன்தான் மானிட்டரின் உயிர். புது ஃபோம் அதே அளவில், அதே மென்மையில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் நன்றாக இருந்தாலும் இரண்டுக்கும் சேர்த்தே மாற்றுங்கள்.

கேள்வி: யமஹா என்எஸ்-10 மானிட்டர் படம் பார்க்கத் தாங்குமா? (வளசரவாக்கம்)

பதில்: பேச்சுக்கு அருமை. 1978-இல் வீட்டு ஸ்பீக்கராக வந்ததுதான் அது. பிறகுதான் உலகம் முழுக்க மிக்ஸிங் மேசைகளில் ஏறியது. 2001-இல் தயாரிப்பு நின்றது. நடு அலைவரிசை தூக்கலாக இருப்பதால் முணுமுணுப்பாகப் பேசும் வசனமும் தெளிவாக விழும். ஆனால் மூடிய சின்னப் பெட்டி, 18 செ.மீ. கோன். வெடிச்சத்தத்தை அதன் தலையில் கட்டாதீர்கள். ரிசீவரில் (எல்லா ஸ்பீக்கரையும் ஓட்டும் ஆம்ப் பெட்டி) ஸ்பீக்கர் அளவை 'ஸ்மால்' என்று வைத்து, 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பேஸை சப்வூஃபருக்கு (பேஸுக்கென்றே தனிப் பெட்டி) தள்ளிவிடுங்கள். கீச்சொலி தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் காதைக் குத்தினால் ரிசீவரில் ட்ரெபிளைக் கொஞ்சம் குறையுங்கள்.

கேள்வி: முன்னால் பழைய ஜேபிஎல் 4311, நடுவில் வேறு கம்பெனி சென்டர் (வசனத்துக்கான நடு ஸ்பீக்கர்). வயர் எல்லாம் சரிதான். ஆனாலும் இசை முன்பக்கம் ஓட்டை விழுந்த மாதிரி, பேஸ் மெலிந்து கேட்கிறது. (அண்ணா நகர்)

பதில்: உங்கள் வயரில் தப்பில்லை. அந்தக் கால ஜேபிஎல் வழக்கமே தலைகீழ். சிவப்பில் பாசிட்டிவ் கொடுத்தால் மற்ற கம்பெனி வூஃபர் வெளியே வரும், ஜேபிஎல் உள்ளே போகும். தனியாக இரண்டு மட்டும் பாடும்போது தெரியாது. சென்டரும் சப்வூஃபரும் சேரும்போது ஒன்று தள்ள, ஒன்று இழுக்க, இரண்டுக்கும் பொதுவான ஒலி கரைந்துவிடும்.

ஆம்ப் வயரைக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரியின் பாசிட்டிவை ஸ்பீக்கரின் சிவப்பிலும் நெகட்டிவைக் கறுப்பிலும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். "டப்" என்ற சத்தத்தோடு கோன் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். உள்ளே போனால் இரண்டு ஜேபிஎல்லிலும் சிவப்பு, கறுப்பு வயரை மாற்றிப் போடுங்கள். கைக்காசு செலவில்லாமல் கிடைக்கும் மாற்றம் இது. அன்று மாலையே உட்கார்ந்து கேளுங்கள்.

கேள்வி: உள்ளேயே ஆம்ப் இருக்கும் மானிட்டரை ரிசீவரில் இணைக்கலாமா? (தாம்பரம்)

பதில்: ரிசீவரில் ப்ரீ-அவுட் (ஆம்ப் பெருக்காத சிக்னல் வெளியே வரும் துளை) இருந்தால் மட்டும். ரிசீவரின் ஸ்பீக்கர் வயரை அந்த மானிட்டரில் செருகவே கூடாது. வெளிநாட்டிலிருந்து வந்ததென்றால் பின்புறம் எழுதியிருக்கும் வோல்டேஜைப் பாருங்கள். 100 அல்லது 117 வோல்ட் சரக்கை நம் 230-இல் போட்டால் அன்றோடு முடிந்தது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

கேள்வி: ஒரே ஜோடிதான் இருக்கிறது. சென்டருக்குப் புதிதாக ஏதாவது வாங்கட்டுமா? (பெரம்பூர்)

பதில்: வேண்டாம். குரல் வேறாக இருக்கும் சென்டரை நடுவில் வைத்தால், ஒருவர் அறையின் குறுக்கே நடந்துகொண்டே பேசும்போது வழியில் ஆளே மாறிவிட்ட மாதிரி இருக்கும். ரிசீவரில் சென்டர் 'இல்லை' என்று வையுங்கள், வசனம் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவிலிருந்து வரும். சோஃபாவின் நடுவில் உட்காருபவருக்குத்தான் அது கச்சிதம். ஓரத்தில் உட்காருபவர்களுக்காக, அதே மாடல் ஒற்றையாகக் கிடைக்கும் நாளுக்குக் காத்திருங்கள்.